சனிக்கிழமை பத்தரை மணிக்கு என்ன கொடுப்பது?

எங்கள் கோவிலில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஆறு வயது முதல் பதின்மூன்று வரை 38 பிள்ளைகள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடியும், பத்தரைக்கு இடைவேளை. அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது என்று மூன்று வாரமாகப் பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். வருகிற ஞாயிறு முடிவெடுக்க வேண்டும். கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் நான் படித்ததையும் பார்த்ததையும் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். மொரீஷியஸில் வேறு கோவில்களில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதுவரை கொடுத்துவந்தது ஒரு கோப்பை லிமோனாடும் (கோலா போன்ற இனிப்புக் குளிர்பானம்), ஒரு பாக்கெட் சிப்ஸ் அல்லது கிரீம் பிஸ்கட்டும். மாதம் ஒருமுறை அந்த மாதத்துப் பிறந்தநாள்களுக்காக பர்கர். சில பிள்ளைகள் வீட்டிலிருந்து நூடுல்ஸ் பாக்கெட் கொண்டுவந்து, உள்ளேயே நசுக்கி, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கி, வேகவைக்காமலே கொறிப்பார்கள். இது சரியில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அடுத்து என்ன என்பதில்தான் மூன்று கட்சி.

ஒரு அப்பா மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு பட்டியல் வாங்கிவந்தார்: எண்ணெயில் பொரிக்காமல் சுட்ட சிப்ஸ், சர்க்கரை இல்லாத லிமோனாட், கோதுமைத் தவிட்டோடு செய்த ரொட்டியில் கோழி பர்கர், சர்க்கரை குறைத்த பிஸ்கட். பிள்ளைகளுக்குப் பிடித்ததையே கொடுப்போம், அதைக் கொஞ்சம் நல்லதாக்கிக் கொடுப்போம் என்பது அவர் வாதம். இரண்டு அம்மாக்களும் ஒரு பாட்டியும் சேர்ந்து, கோவில் சமையலறையிலேயே டோல் பூரியும் (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) கத்தோ பிமாவும் (பொரித்த பருப்பு உருண்டை) செய்துதருகிறோம் என்றார்கள். நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு அக்கா, பழமும் தண்ணீரும் போதும், மூன்று மணி நேர வகுப்புக்கு அதற்கு மேல் எதற்கு என்று கேட்டார்.

ஒரு கோப்பை லிமோனாடுக்கா இத்தனை விவாதம் என்று ஒருவர் கேட்டார். என் அப்பாவுக்கு 52 வயதில் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு கதை இருக்கும். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. 2015இல் அரசு எடுத்த கணக்கில் 20.5 சதவீதம். நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால்தான் மற்றவர்களுக்கு உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 25 என்று வைத்த எச்சரிக்கைக் கோட்டை, ஆசியர்களுக்கு 23இலேயே வைத்துப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்து வயதில் பழகும் நாக்குதான் நாற்பது வயது வரை கூட வருகிறது.

ஆலையில் செய்த உணவையே நல்லதாக மாற்றினால் பருமன் குறையுமா? இதற்குப் பதில் தேட நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் தீவிலேயே நடந்த ஒன்றை உலகம் முழுக்க மருத்துவர்கள் படிக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு ரேஷன் எண்ணெய் நினைவிருக்கும். கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்த அந்த எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. 1987இல் அரசு அதை சோயா எண்ணெயாக மாற்றியது. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோயாவில் ஏழில் ஒரு பங்குதான். வீட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை. அதே கடை, அதே வாணலி, அதே கத்தோ பிமா. ஐந்து வருடம் கழித்து 1992இல் மறுபடி அளந்து பார்த்தபோது மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் புகையிலை, உடற்பயிற்சி பற்றிய பிரசாரமும் நடந்தது உண்மைதான். ஆனால் இந்த இறக்கத்தில் ஏறத்தாழ பாதி எண்ணெயால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு நாடே மருந்து சாப்பிட்டதுபோல.

சுட்ட சிப்ஸ் கொண்டுவந்த அப்பாவுக்கு இது பலமான சாட்சி. ஆனால் அந்தக் கணக்கின் இன்னொரு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஐந்து வருடத்தில் எடை கூடியவர்களும் பருமனானவர்களும் அதிகரித்தார்கள். நீரிழிவு குறையவில்லை. காரணம் எளிது. பாமாயிலோ சோயாவோ நல்லெண்ணெயோ, எந்த எண்ணெயிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். எண்ணெயின் வகை மாறியது இதயத்துக்கு நல்லது செய்தது. வாணலியில் ஊற்றும் அளவு மாறவில்லை, அதனால் இடுப்பும் இளைக்கவில்லை. நான் படித்த எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். ஒரு பொருளில் என்ன மாற்றப்பட்டது என்று பார்த்து, அந்த மாற்றம் எந்த நோயைத் தொடும் என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘ஆரோக்கியமானது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுவிட்டால் ஏமாந்துவிடுவோம்.

இன்னொன்றையும் ரேஷன் எண்ணெய் காட்டுகிறது. யாரும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1991இல் கொழுப்பு மிகக் குறைந்த ஒரு பர்கரைக் கொண்டுவந்தது. இறைச்சியில் கொழுப்பை எடுத்துவிட்டு, கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளையும் தண்ணீரையும் சேர்த்துச் செய்தது. பக்கத்திலேயே வழக்கமான பர்கரும் விற்றது. 1996இல் அந்தப் புதியதை நிறுத்திவிட்டார்கள். மெனுவில் நல்லதையும் பழகியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பசியோடு வருகிறவர் கை எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். இரண்டு தட்டு வைத்து ‘விருப்பமானதை எடுங்கள்’ என்று சொல்வதாக இருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை.

இனி பாக்கெட்டுக்கு வருகிறேன். சுட்ட சிப்ஸில் பொரித்ததைவிடக் கலோரி ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அது உண்மையான குறைவுதான், நான் மறுக்கவில்லை. போன மாதம் சோதனைக்காக ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தோம். நான் வாசலருகே நின்று பார்த்தேன். ஒரு பையன் பாக்கெட்டைக் கிழித்து, வாயருகே சாய்த்து, மூன்று முறை கொட்டிக்கொண்டு, அடியில் இருந்த தூளையும் நக்கிவிட்டு, காகிதத்தைக் கசக்கிப் போட்டபோது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டான். அவன் வயிற்றுக்குச் செய்தி போய்ச்சேரவே நேரம் கொடுக்கவில்லை.

இந்தச் சந்தேகத்தை அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டது. 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் முழுக்க ஆலை உணவு, இரண்டு வாரம் அங்கேயே சமைத்த உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். ஆலை உணவு கிடைத்த நாள்களில் ஒருவர் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், வேகமாகவும் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. ஆள் கொஞ்சம், காலமும் கொஞ்சம் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் சர்க்கரையையும் கொழுப்பையும் கணக்கில் சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது, மென்மையாக, அடர்த்தியாக, விழுங்க எளிதாகச் செய்யப்பட்டிருப்பதே ஒரு காரணம் என்று அது சொல்கிறது.

சரி, ஆலை உணவிலேயே நல்லதைப் பொறுக்கி எடுத்தால்? இதற்கு 2025இல் லண்டனிலிருந்து ஒரு பதில் வந்தது. 55 பேர், எட்டு வாரம் ஒரு வகை, எட்டு வாரம் இன்னொரு வகை. இரண்டு உணவும் பிரிட்டிஷ் அரசின் உணவு வழிகாட்டிக்கு உட்பட்டவை. ஒன்று கடையில் தயாராகக் கிடைப்பது, மற்றது சமைத்தது. இரண்டிலும் எடை குறைந்தது! ஆலை உணவில் 1.05 சதவீதம், சமைத்ததில் 2.06 சதவீதம். நல்ல பாக்கெட் உணவு மோசமான பாக்கெட் உணவைவிட மேல் என்பது இதனால் உறுதியாகிறது. சமைத்ததற்குப் பாதிதான் ஈடு என்பதும் உறுதியாகிறது. சமைக்க ஆளும் நேரமும் இல்லாத வீட்டுக்கு அந்தப் பாதியே பெரிது. இரவு ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிற ஒரு அம்மாவிடம் போய் பாக்கெட்டைத் தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. சமையலறையும், வாரத்துக்கு ஒருநாள் மூன்று ஜோடிக் கையும் இருக்கும் கோவிலுக்கு அந்தச் சலுகை தேவையா என்பதுதான் என் கேள்வி.

லிமோனாட் கதை வேறு. அதில் பொருளை மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. ஏழு எட்டு தேக்கரண்டி. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2012இல் வெளியானது. ஏறத்தாழ நம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். தினமும் 250 மில்லி பானம், பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாதது; யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 18 மாதத்தில் சர்க்கரை குடித்தவர்கள் 7.37 கிலோ கூடினார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. வளரும் வயதில் எடை கூடத்தான் செய்யும். அந்த ஒரு கிலோ வித்தியாசம் நாளுக்கு ஒரே ஒரு டப்பாவால் வந்தது. அப்படியிருக்க 2023இல் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று ஏன் சொன்னது? நீண்ட காலப் பலன் தெளிவாக இல்லை என்பதால். ஏற்கெனவே தினமும் லிமோனாட் குடிக்கிற பிள்ளைக்குச் சர்க்கரை இல்லாதது ஒரு படி மேல். நம் வகுப்பில் நாம்தான் ஊற்றிக் கொடுக்கிறோம். அந்த இடத்தில் தண்ணீரே வைக்கலாமே.

வரி போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013 முதல் நம் நாட்டில் பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் வரி இருக்கிறது. பதின்வயதுப் பையன்களிடம் இனிப்புப் பானம் குடிப்பது கொஞ்சம் குறைந்ததாகவும், எடையில் மாற்றம் தெரியவில்லை என்றும் ஆய்வு சொல்கிறது. பிரிட்டனில் 2018இல் வந்த வரி வேறு மாதிரி வேலை செய்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை என்றதும் கம்பெனிகள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. அங்கே பத்துப் பதினொரு வயதுச் சிறுமிகளிடம் பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டார்கள். பையன்களிடம் அப்படி இல்லை. இது நம் கூட்டம் தீர்மானிக்கிற விஷயம் இல்லை என்பதால் இத்துடன் விடுகிறேன். பள்ளி வளாகத்துக்குள் லிமோனாட் விற்கக் கூடாது என்று 2009இலேயே விதி வந்துவிட்டது. பள்ளியில் கிடைக்காததை நாம் கோவிலில் ஊற்றிக் கொடுத்துவந்திருக்கிறோம் என்பது மட்டும் என்னை உறுத்துகிறது.

இப்போது வீட்டுச் சமையல். இதைச் சொல்லும்போது பாட்டிமார் மனம் நோகக் கூடாது என்று விரும்புகிறேன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ‘நம்ம சாப்பாடு’ என்பதாலேயே எல்லாம் இளைக்க வைக்காது. கத்தோ பிமா நம் மசால் வடையின் பிள்ளை. ஊறவைத்த பருப்பும் பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் அரைத்து உருட்டிப் போடுவது. பருப்பில் புரதமும் நாரும் உண்டு. ஆனால் எண்ணெய் சரியாகக் காயுமுன் போட்டால் உருண்டை குடித்துவிடும். கூட்டத்துக்காக அவசரமாகப் பொரிக்கும்போது ஒரே நேரத்தில் முப்பது போடுவோம், வாணலி ஆறிப்போகும், எடுத்துக் காகிதத்தில் வைத்தால் காகிதம் கண்ணாடி போல ஆகிவிடும். சென்ற காவடிக்குப் பிறகு நடந்த ஒரு பூசையில் நானே அப்படிப் பொரித்தேன். டோல் பூரியும் அப்படித்தான். உள்ளே வேகவைத்து அரைத்த பருப்பு நல்லது, வெளியே வெள்ளை மாவு, தாவாவில் தடவும் எண்ணெய் கைக்குக் கை மாறும். அதற்குள் வைக்கிற க்ரோ ப்வா (பெரிய அவரை விதை) கறிதான் அதில் சிறந்த பகுதி. கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள் என்பதால் பிள்ளைக்கும் ஜோடியாகக் கொடுத்துப் பழகிவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்று போதும்.

இதே வீட்டுச் சமையலில் ஏழு கறியை நினைத்துப் பாருங்கள். வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணி, பலாக்காய், வாழைக்காய், கீரை, ரசம். அதை யாரும் இரண்டு நிமிடத்தில் முடித்ததில்லை. காய் நிறைய, மெல்ல நேரம், விரலால் பிசைந்து பிசைந்து. சனிக்கிழமை இடைவேளைக்கு அதைச் செய்ய முடியாது. ஆனால் அந்தக் குணம் உள்ள ஒன்று நம்மிடமே இருக்கிறது: சுண்டல். தெருவில் கிராம் பூயி என்று காகிதச் சுருளில் விற்கிறார்களே, அதேதான். கொண்டைக்கடலையை வெள்ளி இரவு ஊறவைத்தால் காலையில் குக்கரில் அரை மணி. கடுகு, கறிவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் தேங்காய்த் துருவல். 38 பிள்ளைக்கு அந்த ஒரு கரண்டிதான் எண்ணெய்க் கணக்கு. ஒவ்வொரு கடலையையும் மென்றுதான் ஆக வேண்டும். வாயில் கொட்டிக்கொள்ள முடியாது.

பழம் மட்டும் என்ற அக்காவின் யோசனைதான் சுத்தமானது. எனக்கு அதில் இரண்டு தயக்கம். ஆப்பிளும் திராட்சையும் இறக்குமதி. வாரா வாரம் 38 பேருக்கு என்றால் கையைக் கடிக்கும். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பதினொன்றரைக்கு அவர்கள் தலை மேசையில் சாயும், வகுப்பு முடிந்ததும் வாசலில் நிற்கும் தின்பண்ட வண்டிக்கு ஓடுவார்கள். விலைக்கு நம் ஊர்ப் பழமே வழி. வாழைப்பழம் எப்போதும் உண்டு. அன்னாசியை நீளவாக்கில் கீறி, புளியும் மிளகாயும் உப்பும் தொட்டுக் கொடுத்தால், கடற்கரையில் காசு கொடுத்து வாங்குகிற அதே கோன்ஃபி. பிள்ளைகளைக் கெஞ்ச வேண்டியிருக்காது.

ஆக, என் வாக்கு இப்படி. லிமோனாட் எந்த வகையிலும் வேண்டாம். கோவில் குடத்தில் தண்ணீர், வெயில் காலத்தில் எலுமிச்சைத் துண்டு போட்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சுண்டலும் பழமும். ஒரு சனிக்கிழமை டோல் பூரி, ஆளுக்கு ஒன்று, க்ரோ ப்வா தாராளமாக. கத்தோ பிமா திருவிழாவுக்கு இருக்கட்டும், அங்கேதான் அதற்கு அழகு. நான்காவது சனிக்கிழமை பிறந்தநாள் பர்கரை எடுத்துவிட வேண்டாம். அங்கே அந்த அப்பாவின் பட்டியலிலிருந்து தவிட்டு ரொட்டிப் பர்கரை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் எப்படியும் சாப்பிடப் போகிற இடத்தில் நல்ல பாக்கெட் உதவும். அவர்கள் சாப்பிடாத இடத்துக்கு அதைக் கொண்டுவந்து நாமே பழக்க வேண்டாம். சுட்ட சிப்ஸுக்கு நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொரு கோரிக்கை. யார் யோசனை வென்றாலும், பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளை நிறுத்தி எடை பார்க்க வேண்டாம். வாரத்தில் ஒரு இடைவேளையால் யார் எடையும் மாறிவிடாது, வகுப்பில் குண்டாக இருக்கிற பெண் தமிழ் வகுப்பையே வெறுத்துவிடுவாள். தட்டில் என்ன மிஞ்சியது, யார் இரண்டாம் முறை கேட்டார்கள், வகுப்பு முடிந்து யார் வண்டிக்கு ஓடினார்கள் என்று மூன்று மாதம் குறித்துவைப்போம். தைப்பூசக் காவடிக்கு முன் மறுபடி கூடிப் பேசுவோம்.

செலவுக் கணக்கை நர்ஸ் அக்கா போட்டுவைத்திருக்கிறார். லிமோனாட் காசிலேயே கடலையும் வாழைப்பழமும் அடங்குகிறது, கேஸ் சிலிண்டர் மட்டும் கோவில் பொறுப்பு. வெள்ளிக்கிழமை இரவு பூசை முடிந்ததும் கடலையை ஊறவைக்க ஒருவர் சமையலறைக்குப் போக வேண்டும். முதல் மாதம் நான் போகிறேன்.